கராத்தே சாரின் முழுப் பெயர் என்ன?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிற்கும் காவலாளியின் பின்னணி விசாரிக்கப்பட்டிருக்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கென்று 2005இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆள் அனுப்பும் நிறுவனம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும், அனுப்பப்படும் ஒவ்வொருவரின் முன்நடத்தையும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களிடம் ஆதார் நகலும் புகைப்படமும் வாங்கி வைத்திருக்கிறோம். தண்ணீர் கேன் போட வரும் பையன்கூட வாசலில் கைபேசி எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு கிளப் ஹவுஸ் மாடியில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வகுப்பெடுக்கிறவரிடம் மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை. ‘கராத்தே சார்’ என்றால் போதும், கேட் திறந்துவிடும்.

குடியிருப்போர் சங்கத்தில் பிள்ளைகளின் மாலை வகுப்புகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததும், யார் யார் வகுப்பெடுக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட உட்கார்ந்தேன். கராத்தே, பரதம், கீபோர்டு, சதுரங்கம், அபாகஸ், ஓவியம், சிலம்பம், நீச்சல். பட்டியலில் ‘பெயர்’ என்ற கட்டத்திலேயே நின்றுவிட்டேன். கராத்தே சாரின் முழுப் பெயர் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. பெற்றோரின் கைபேசிகளிலும் ‘கராத்தே மாஸ்டர்’ என்றுதான் எண் பதிவாகியிருந்தது. இதற்கு முன்பு எங்கே வகுப்பெடுத்தார், அங்கிருந்து ஏன் விலகினார் என்பதெல்லாம் அப்புறம் வரும் கேள்விகள். அவர் நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். எனக்கு அவர்மேல் எந்தப் புகாரும் இல்லை. ஆனால் அவர் நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதில் எங்கள் முயற்சி என்று எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக வந்த விதிகளைத் திரும்பிப் பார்த்தால் பல விதிகளுக்கு முன்னால் ஒரு சாவு இருக்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் கருகிப்போனார்கள். அதற்குப் பிறகுதான் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று பள்ளிகளிடம் கறாராகக் கேட்கத் தொடங்கினார்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது கோடை விடுமுறையில் போக்குவரத்து அதிகாரிகள் மைதானத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி, அவசர வழிக் கதவு திறக்கிறதா, தீயணைப்பான் வேலை செய்கிறதா, தரைப்பலகை உறுதியாக இருக்கிறதா என்று ஏறிப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் நல்ல விஷயம். ஆனால் இந்தச் சான்றுகள் கட்டடத்தையும் வண்டியையும் பற்றியவை. பள்ளி மணி அடித்ததும் அவற்றின் எல்லையும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பிள்ளைகள் போகிற மொட்டைமாடிக் கொட்டகைக்கும், வாடகைக் கடையின் மேல்தளத்துக்கும், யாரோ ஒருவர் வீட்டு முன்னறைக்கும் எந்தச் சான்றும் கிடையாது. அங்கே காத்திருக்கும் பெரியவருக்கும் கிடையாது.

விதியே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட விதிகளில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. குழந்தைகளைத் தங்கவைக்கும், அல்லது குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமானாலும், தன் பணியாளர்கள் எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் அவ்வப்போது செய்தாக வேண்டும். பாடம் நடத்துகிறவர், நடத்தாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடு இல்லை. பள்ளி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றோடு விளையாட்டுப் பயிற்சிக்கூடத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை நான் சந்தித்த பயிற்சியாளர்களில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

காரணம் எளிது. பள்ளி இந்த விதியை மீறினால் அதன் அங்கீகாரத்தில் கைவைக்கலாம். மாலை வகுப்புக்கு அங்கீகாரம் என்று ஒன்றே கிடையாது. இல்லாத உரிமத்தை யார் ரத்து செய்வது? சோதனைக்கு எந்த அதிகாரி வருவார்? உரிமம் என்ற முளைக்குச்சி இல்லாமல் விதி என்ற கயிறு மட்டும் கிடக்கிறது.

2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மையங்கள் பதிவு செய்ய வேண்டும், 16 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவரை ஆசிரியராக வைக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. அப்புறம் வரையறைப் பகுதியைப் படித்தேன். ஐம்பது மாணவருக்கு மேல் இருந்தால்தான் அது பயிற்சி மையம். விளையாட்டு, நடனம், நாடகம், பிற கலைகள் எதுவும் அதில் சேராது. நீட், ஜேஇஇ மையங்களை மனத்தில் வைத்து எழுதியது என்பது புரிகிறது. ஆனால் தொட்டுத் திருத்தி, கைபிடித்து, இடுப்பைத் தாங்கிச் சொல்லித்தர வேண்டிய வகுப்புகள் எவை? நடனம், கராத்தே, நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ். ஆறு வயதுப் பிள்ளையின் உடலோடு நேரடியாகப் புழங்கும் வகுப்புகளை ஒரே வரியில் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், ‘அரசு பதிவு பெற்றது’ என்று பேனரில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடும் பெற்றோர் ஏராளம். அந்தப் பதிவு எண் என்ன எண் என்று கேட்டுப் பாருங்கள். சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஓர் அமைப்பாகப் பதிந்த எண்ணாக இருக்கும். இல்லையென்றால் அறக்கட்டளைப் பதிவு, அதுவும் இல்லையென்றால் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு. உத்யம் பதிவை ஆதாரை வைத்து யாரும் இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம், சொல்வதெல்லாம் சுய அறிவிப்புதான். இவற்றில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பதிவுகள் எதுவும் அந்த மனிதரைப் பிள்ளைகளோடு விடலாமா என்று பார்த்துத் தரப்பட்டவை அல்ல.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஆகஸ்டில் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் என்சிசி முகாம் என்ற பெயரில் மாணவிகளைப் பள்ளியிலேயே இரவு தங்கவைத்தார்கள். அதில் ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். மேலும் பல சிறுமிகளும் புகார் சொன்னார்கள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று என்சிசி அறிவித்தது. அந்தப் பள்ளியில் என்சிசி பிரிவே கிடையாது. இப்படி ஒரு முகாம் நடத்தினால் பிரிவு கிடைக்கும் என்று சொல்லித்தான் அந்தக் கும்பல் உள்ளே நுழைந்தது. வந்தவர்களின் பின்னணியைப் பள்ளி விசாரிக்கவில்லை என்று காவல்துறையே சொன்னது. விஷயம் தெரிந்தும் காவல்துறையிடம் சொல்லவில்லை என்று பள்ளி நிர்வாகத்தினர் கைதானார்கள்.

இந்தச் சம்பவத்தில் என்னைத் தூங்கவிடாத ஒன்று உண்டு. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள எந்தத் தரவுத்தளமும் தேவைப்பட்டிருக்காது. அருகிலிருக்கும் என்சிசி அலுவலகத்துக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். சீருடையும் விசிலும் அதிகாரக் குரலும் அந்த அழைப்புக்கான தேவையே இல்லாமல் செய்துவிட்டன. நாமும் அப்படித்தான் இருக்கிறோம். கறுப்பு பெல்ட்டையும், சுவர் நிறைய மாட்டிய சான்றிதழ்களையும், அமைச்சரோடு எடுத்த படத்தையும் பார்த்ததும் கேட்க நினைத்ததை விழுங்கிவிடுகிறோம்.

சரி, என்ன கேட்கலாம்? தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. ஒருவர் தனக்காகவும் விண்ணப்பிக்கலாம், வேலைக்கு வைக்கும் நிறுவனமும் விண்ணப்பிக்கலாம். காவல்துறை தன் கணினிப் பதிவுகளில் தேடிப்பார்த்து அறிக்கை தரும். நாங்கள் இதைத்தான் கட்டாயமாக்கினோம், கட்டணத்தைச் சங்கமே ஏற்றுக்கொண்டது. பதினைந்து பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் தலையில் அந்தச் செலவையும் ஏற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

சிலம்ப ஆசானிடம் கேட்கத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. அறுபதைத் தாண்டியவர். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் கம்பு சொல்லிக்கொடுத்தவர்.

“நாப்பது வருசமா கம்பு புடிக்கிறேன்மா. எங்கிட்டயா போலீஸ் பேப்பர் கேக்குறீங்க?” என்றார்.

“உங்ககிட்ட மட்டும் இல்லைங்க ஐயா. எல்லார்கிட்டயும் கேக்குறோம். நானும் வாங்கியிருக்கேன், பாருங்க” என்று என் பெயரில் வந்த அறிக்கையைக் காட்டினேன்.

அவர் அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு அவரே கேட்டார், “அப்ப எம் பசங்க ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கணுமே? நான் ஊருக்குப் போனா அவனுங்கதான கிளாஸ் எடுக்கிறானுங்க.”

நாங்கள் அதைப் பற்றிப் பேசியிருக்கவே இல்லை. பல வகுப்புகளில் பேனரில் இருக்கும் மாஸ்டர் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. தினமும் பிள்ளைகளோடு நிற்பவர்கள் இருபது வயதைச் சுற்றிய உதவிப் பயிற்சியாளர்கள். பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பருவத்துக்கு ஒரு சார், அடுத்த பருவத்துக்கு வேறு சார். பரிசோதனை என்று ஒன்று நடந்தாலும் அது ஏஜென்சி முதலாளியைத் தாண்டுவதில்லை. ஆசான் சொன்னதற்குப் பிறகு, யார் பெயரில் வகுப்பு என்பதைவிட யார் தரையில் நிற்கிறார் என்று பார்த்துச் சான்று கேட்கிறோம்.

எல்லோருக்கும் ஒரே விதி என்று வைத்தபின் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவரிடம் மட்டும் கேட்டால் அது சந்தேகம். அதிலும் யாரிடம் கேட்கத் தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள். கறுத்த, ஏழையான, வெளிமாநிலத்திலிருந்து வந்த பையனிடம்தான் நம் நாக்கு தைரியமாகக் கேட்கும். ஆங்கிலம் பேசும், காரில் வரும் கீபோர்டு ஆசிரியரிடம் கேட்காது. அதனால்தான் சங்கப் பொறுப்பாளர்கள் முதலில் எங்கள் அறிக்கைகளை வாங்கிப் பலகையில் ஒட்டினோம். இன்னொன்றையும் எழுதி வைத்தோம். அறிக்கையில் வழக்கு ஏதாவது இருந்தால் உடனே கதவைச் சாத்தக் கூடாது. ஜல்லிக்கட்டுக்கும் கூடங்குளத்துக்கும் தெருவில் உட்கார்ந்து வழக்கு வாங்கியவர்கள் நம் ஊரில் ஏராளம். போராட்ட வழக்கு இருப்பவரால் பிள்ளைக்கு ஆபத்தில்லை. பிள்ளைகள்மீதும் பெண்கள்மீதும் நடந்த குற்றம், வன்முறை, போதைப்பொருள் விற்பனை, இவைதான் எங்கள் கவலை.

இந்தத் தாளால் எவ்வளவு தெரியும் என்பதிலும் மயக்கம் கூடாது. வழக்காகப் பதிவானது மட்டும்தான் அதில் வரும். பேசி முடித்தது, குடும்ப மானத்துக்காக மறைத்தது, ‘நீங்களே வேலையை விட்டுப் போய்விடுங்கள்’ என்று வாசலோடு அனுப்பிவைத்தது எதுவும் வராது. இங்கிலாந்தில் இதற்குப் பெரிய விலை கொடுத்தார்கள். 2002 ஆகஸ்டில் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் இயன் ஹன்ட்லி, அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியின் பராமரிப்பாளன். முன்பு வசித்த பகுதியில் அவன்மீது பாலியல் புகார்கள் பலமுறை காவல்துறைக்குப் போயிருந்தன. அந்தத் தகவல்கள் ஒழுங்காகப் பாதுகாக்கப்படவில்லை. வேலைக்கு நிக்சன் என்ற குடும்பப் பெயரில் விண்ணப்பித்தான், சரிபார்த்த காவல்துறை அந்தப் பெயரில் மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்றது. இதைப் படித்த நாளிலிருந்து, ‘கராத்தே சார்’ என்று மட்டும் பதிந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. எங்கள் படிவத்தில் ஆதாரில் உள்ள பெயர், வேறு எந்தப் பெயரிலாவது அறியப்பட்டிருந்தால் அந்தப் பெயர், கடைசியாக வகுப்பெடுத்த இரண்டு இடங்கள் என்று தனித்தனியாகக் கேட்கிறோம். அந்த இடங்களுக்கு நானே பேசுகிறேன். “மறுபடியும் அவரை வேலைக்குக் கூப்பிடுவீங்களா?” என்று கேட்டதும் எதிர்முனையில் ஒரு தயக்கம் வந்தால் அது காவல்துறை அறிக்கையில் கிடைக்காத தகவல்.

சோஹத்துக்குப் பிறகு பிச்சார்ட் விசாரணை அறிக்கை 2004இல் வந்தது, 2006இல் தனிச் சட்டம் வந்தது. பிள்ளைகளோடு வேலை செய்யத் தடைசெய்யப்பட்டவர்களின் பட்டியல் இன்று அங்கே இருக்கிறது. தண்டனை பெறாதவராக இருந்தாலும் ஆபத்தானவர் என்று ஆதாரத்தோடு முடிவுசெய்யப்பட்டால் அதில் ஏறுவார். தெரிந்தே அவரை அந்த வேலைக்கு வைத்தால் வைத்தவர் குற்றவாளி. நம் நாட்டில் 2018 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தொடங்கும்போதே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஆனால் அதைச் சட்ட அமலாக்க அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும். பெயர்ப் பட்டியலை ஊர் முழுக்க ஒட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது வேறு வகை அநியாயத்தில் போய் முடியும். ஒரு பள்ளியோ பயிற்சிக்கூடமோ ஒருவரின் ஒப்புதலோடு கேட்டால், இருக்கிறார் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் வழியையாவது திறக்கலாம்.

எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள்தான் அதிகம் என்பதும் உண்மை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் மீது 1997லேயே ஒரு பயிற்சியாளரிடம் பாலியல் புகார் சொல்லப்பட்டது. வெளியுலகுக்குத் தெரிந்தது 2016இல். இடைப்பட்ட காலத்தில் எத்தனை முறை பின்னணி பார்த்திருந்தாலும் சுத்தமான தாள்தான் வந்திருக்கும். நம் சென்னையில் 2021இல் பிரபலத் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோவில் கைதானபோதும், பழைய மாணவிகள் பல ஆண்டுகளுக்கு முந்தைய கதைகளோடு முன்வந்தார்கள்.

நாசர் விவகாரத்துக்குப் பிறகு அமெரிக்க விளையாட்டு அமைப்புகளில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்க நேர்ந்தால், அது மற்றொரு பெரியவர் பார்க்கக்கூடிய இடமாக, நினைத்தபோது குறுக்கிடக்கூடிய இடமாக இருக்க வேண்டும். எனக்கு எல்லாச் சான்றுகளையும்விட இந்த விதி பிடித்திருக்கிறது. இதற்கு அரசாணை வேண்டாம், செலவும் அதிகமில்லை. கிளப் ஹவுஸ் அறைக் கதவின் மேல்பாதியைக் கண்ணாடியாக மாற்றினோம். வகுப்பு நேரத்தில் பெற்றோர் யாரும் எப்போதும் வந்து உட்காரலாம். ‘பெற்றோர் இருந்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும்’ என்று சொல்லும் வகுப்புகளை நான் ஏற்பதில்லை. பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, எல்லாம் பெற்றோர் இருக்கும் குழுவில்தான். ஆண்டு விழாவில் உடை மாற்றும் அறைக்குள் பெண் பெற்றோர் இருவர் இருப்பார்கள். நீச்சல் வகுப்பில் குளிக்கும் அறைப் பக்கம் பயிற்சியாளர் போகக் கூடாது.

தன்னார்வலர்களை வைத்து மாலையில் பாடம் நடத்தும் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியபோது, இத்தனை தன்னார்வலர்களை எப்படி நம்புவது என்று பலர் பயந்தார்கள். நியாயமான பயம்தான். எங்கள் ஊர்ப்பக்கம் நான் பார்த்த மையத்தில் தன்னார்வலர் அதே தெருப் பெண், வகுப்பு நடந்தது கோயில் திண்ணையில். போகிற வருகிற எல்லோர் கண்ணும் அங்கேதான் இருந்தது. காசு வாங்கும் பல வகுப்புகளில் கிடைக்காத பாதுகாப்பு அந்தத் திண்ணையில் இருந்தது.

வெளியூர்ப் போட்டிகள்தான் இன்னும் சரியாகவில்லை. மாநில அளவிலான போட்டி என்று சொல்லி வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். கல்யாண மண்டபத்தில் பாய் விரித்து இரவு தங்கல். பதக்கம் என்றதும் பெற்றோரும் சம்மதித்துவிடுவார்கள். பெற்றோர் இருவராவது கூடப் போனால்தான் சங்கத்தின் பெயரில் அனுப்புவோம் என்று சொன்னதற்கு ஒரு பயிற்சியாளர் வகுப்பையே நிறுத்திவிட்டுப் போய்விட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டோம். சில பெற்றோருக்கு என்மேல் இன்னும் வருத்தம்.

பெற்றோர் அதிகம் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தனக்குக் கீழே இருப்பவரின் குற்றத்தை மறைத்தால் 21ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. ‘ரெண்டு குடும்பத்தையும் உட்காரவச்சுப் பேசி முடிச்சுடலாம்’ என்று சொல்லும் பெரிய மனிதர் தன்னையும் வழக்கில் சேர்த்துக்கொள்கிறார். காவல் நிலையம் போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம். அந்த எண்ணைப் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டியிருக்கிறோம், பெரியவர்களின் உயரத்தில் ஒட்டி என்ன பயன்?

அரசிடம் நான் கேட்பது பெரிய இலாகா எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் ஒவ்வோர் இடமும் உள்ளாட்சி அமைப்பிடம் ஒரு பக்கப் படிவத்தில் பதிய வேண்டும். யார் யார் வகுப்பெடுக்கிறார்கள், அவர்களின் காவல்துறை அறிக்கை எண் என்ன, புகார் சொல்ல யாரை அழைக்க வேண்டும் என்பது வாசலில் தமிழில் எழுதியிருக்க வேண்டும். ஐம்பது பேர் என்ற கணக்கும், நடனமும் விளையாட்டும் சேராது என்ற விலக்கும் போக வேண்டும். சின்ன வகுப்புகளை நசுக்கிவிடாதபடி பதிவு இலவசமாக இருக்க வேண்டும்.

கோடை முகாம் நோட்டீஸ்கள் மார்ச் கடைசியிலேயே வாட்ஸாப்பில் வரத் தொடங்கிவிடும். பணம் கட்டுவதற்கு முன் வகுப்பெடுப்பவரின் முழுப் பெயரையும் காவல்துறை அறிக்கையையும் கேளுங்கள். எங்கள் சங்கத்தின் படிவம் தமிழில் ஒரே பக்கம். வேறு குடியிருப்புகளில், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.